ராஜபார்ட் துரைக்கண்ணுவின் மிச்சச் சொற்கள்

ஆலங்கரையில் ஒரு வாக்கியம் எண்பத்தாறு வருஷமாக முடியாமல் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களையெல்லாம் கோமளவிலாஸ் கொட்டகையின் பெரிய கதவருகே நிறுத்தி, சுவரில் பதித்திருந்த சலவைக்கல்லைக் காட்டி, அதில் வெட்டியிருந்த வரியை உரக்கப் படித்துச் சொல்வது ஜெசிந்தாவின் வேலை.

"மகா ஜனங்களே, நம் ஏழு பேரையும் காட்டிக்கொடுத்தவன்" என்று அந்த வரி தொடங்கி அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு கல்லில் மூன்று புள்ளிகள். வெள்ளைக்காரன் காலத்தில், 1932 மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, உப்புக் கிடங்குக்குள் ஒளிந்து சுதந்திரத் துண்டறிக்கை அச்சடித்த ஏழு பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன மூன்றாம் நாள், ராஜபார்ட் துரைக்கண்ணு என்ற நாடகக்காரர் கிரீடமும் சரிகை அங்கியுமாக இந்த மேடையில் நின்று பாடிக்கொண்டிருந்தவர், பாட்டைச் சட்டென்று விட்டுவிட்டு, விளக்குக்கு முன்னால் வந்து அந்த வரியை ஆரம்பித்தார். அறுநூறு பேர் மூச்சுக் காட்டாமல் கேட்டார்கள். வரி முடிவதற்குள் விசில் ஊதியது, தடி விழுந்தது, கிரீடம் உருண்டது. பன்னிரண்டாம் நாள் ஜெயிலில் அவர் செத்துப்போனார். ஏழு பேரில் இருவரும் அங்கேயே செத்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு பஸ் நிலையத்துக்குத் துரைக்கண்ணு பேர் வைத்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு வைத்தார்கள், பிள்ளைகளுக்கு வைத்தார்கள். ஒரு காலத்தில் ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் "துரைக்கண்ணு" என்று கூப்பிட்டால் நான்கு பையன்கள் எழுந்து நிற்பார்களாம்.

இதையெல்லாம் ஜெசிந்தா நாளைக்கு இரண்டு முறை, விடுமுறை நாளென்றால் ஐந்து முறை, அலுக்காமல் சொல்வாள். பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டுவாள், தடி விழுந்த இடத்தில் பலகை நெளிந்திருப்பதைக் காட்டுவாள், மேடை ஓரம் நின்று மெதுவாகப் பேசினால்கூடக் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று தானே பேசிக் காட்டுவாள். ஐம்பத்திரண்டு வயது. ரயிலடித் தெருவில், ரயில்வேயில் தண்டவாளம் சரிபார்க்கும் கீ மேனாக இருந்து ஓய்வுபெற்ற அப்பா மிக்கேலோடு இருந்தாள். பதினேழு வருஷமாக இந்தக் கொட்டகைதான் அவளுக்கு எல்லாமும். அப்பாவோ எண்பத்து மூன்று வயதுக்கு ஒருநாள்கூடக் கொட்டகை வாசலை மிதித்ததில்லை. கூப்பிட்டால், "எனக்குப் பாட்டெல்லாம் ஒத்துக்காது" என்பார்.

பகலில் சரித்திரம் பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்திருக்கும் கொட்டகையில், மாதம் இரண்டு சனிக்கிழமை மாலை, சபாக்காரர்கள் கச்சேரி வைப்பார்கள். அப்படி ஒரு மார்கழிச் சனிக்கிழமை கும்பகோணத்திலிருந்து வந்த பாடகி ஒருவர் தோடியை விஸ்தாரமாகப் பாடிக்கொண்டிருந்தார், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வீட்டையும் வேலையையும் கால்வலியையும் மறந்து உட்கார்ந்திருந்தார்கள், அந்த நேரத்தில் பாடகியின் வாயிலிருந்து, கனத்த ஆண்குரலில், "ரயிலடி" என்று ஒரு சொல் வந்தது. மிருதங்கக்காரர் தாளம் தப்பவில்லை. பாடகியும் விட்ட இடத்திலிருந்து தோடியை எடுத்துக்கொண்டு மேலே போனார். கச்சேரி முடிந்ததும் செயலாளர் கோதண்டராமன், அம்மாவுக்கு ரயிலுக்கு நேரமாகிறது போலிருக்கிறது என்று ஆட்டோ வரச்சொன்னார். பாடகி காரில் வந்திருந்தார்.

அடுத்த கச்சேரிக்கு வேறு ஆள், வேறு ராகம். அவர் வாயிலிருந்து அதே ஆண்குரல் வந்து, "சவரிமுத்து" என்றது.

ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்த புலவர் அறவாழி, முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவர், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, செருப்பைக் கூட மாட்டாமல் கதவருகே போய், சலவைக்கல்லின் முன் நின்று படித்தார். "நம் ஏழு பேரையும் காட்டிக்கொடுத்தவன்" என்று படித்துவிட்டு, கல் முடிந்த இடத்தில் நிறுத்தாமல், "ரயிலடி சவரிமுத்து" என்று சேர்த்துப் படித்தார். கொட்டகை முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. பிறகு அது மெல்லத் திரும்பி, பின்சுவர் ஓரம் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்த ஜெசிந்தாவைப் பார்த்தது.

ஏனென்றால் சவரிமுத்து அவளுடைய தாத்தா. மிக்கேலின் அப்பா. ரயிலடியில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர்.

செத்துப்போன மனுஷன் பேசுவது எப்படி என்று ஆலங்கரையில் யாரும் கேட்கவில்லை. பேசவந்தவனைப் பாதியில் அடித்தால் மீதிப் பேச்சு எங்கே போகும், அங்கேயேதான் இருக்கும், இத்தனை நாள் தூணுக்குள்ளேயோ பலகைக்குள்ளேயோ இருந்தது, இப்போது வருகிறது, வரட்டும் என்று கறிக்கடையில் பேசிக்கொண்டார்கள். செல்போனில் பதிவு செய்தவர்கள் போட்டுப் பார்த்தபோது பாட்டு மட்டும் இருந்தது, சொல் வந்த இடத்தில் ஒரு சின்ன மூச்சு இருந்தது. அதைப் பற்றியும் யாரும் கவலைப்படவில்லை. காதால் கேட்டாயிற்று, அது போதும். எல்லோரும் ரயிலடித் தெருவைப் பற்றித்தான் பேசினார்கள்.

மூன்று நாளில் மீன்காரம்மா ஜெசிந்தாவின் வாசலில் கூடையை இறக்குவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் உட்காரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சவரிமுத்துவின் பேரின்மேல் யாரோ தார் ஊற்றிவிட்டுப் போனார்கள். மிக்கேல் ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் பழைய பனியனும் எடுத்துக்கொண்டு போய், காலையிலிருந்து மதியம்வரை ஒவ்வோர் எழுத்தாகத் துடைத்தார். ஜெசிந்தா போய்ப் பார்த்தபோது 'ச' மட்டும் வெளுத்திருந்தது.

"விடுங்கப்பா, வெயில்ல என்ன இது."

"உங்க தாத்தா யாரையும் காட்டிக்குடுக்கல." அவர் கையை நிறுத்தவில்லை. "ஆனா சொல்லிக்கவும் இல்ல. அந்த ஏழு பேரைப் புடிச்சதுமே ஊர்ல இவரைத்தான் சந்தேகப்பட்டாங்களாம். ரயில்வே ஸ்டேஷன்ல போலீஸ்காரனுக்குத் தண்ணி குடுத்தாராம். அவ்வளவுதான். சாகற வரைக்கும் தலையைக் குனிஞ்சே நடந்தாரு. ஏன் குனியுறீங்கன்னு நான் ஒருநாளும் கேக்கல."

சபாக்காரர்கள் ஜெசிந்தாவை அழைத்தார்கள். கோதண்டராமன் நல்ல மனுஷர். முகத்தை நேராகப் பார்க்காமல் பேசினார்.

"வெளியூர்க்காரங்க கல்லுல இருக்கறதுக்கு மேல என்ன வந்துச்சுன்னு கேப்பாங்கம்மா. நீங்க என்ன சொல்லுவீங்க?"

"வந்த வரைக்கும் சொல்லுவேன் சார்."

"உங்க தாத்தா பேரையா?"

"அதுதான வந்திருக்கு."

அவர் மேஜையைப் பார்த்தபடியே, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். பத்து மணியானால் முதல் வேன் வரும் நேரம் என்று கால் தானாக எழுந்துகொண்டது.

ஊரும் உட்காரவில்லை. அடுத்த சொல் எப்போது வரும் என்று அது தவித்தது. கச்சேரிக்கு நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள், ஜன்னலில் தொங்கினார்கள், எல்லோரும் முன்னால் குனிந்து பாடகரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல் வரவில்லை. வாரம் ஒரு கச்சேரி வைத்தார்கள், பிறகு நாளுக்கு ஒன்று வைத்தார்கள், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றினார்கள், பஜனை கோஷ்டியை ஏற்றினார்கள். யார் எதைப் பாடினாலும் கூட்டத்துக்கு அது சொல்லுக்கு முன்னால் வருகிற இரைச்சலாகத்தான் கேட்டது. சென்னையிலிருந்து வந்த பெரிய வித்வான் ஒருவர், "நான் பாடுறேனா இல்ல பல்லைக் காட்டுறேனா, ஏன் இப்படிப் பாக்குறீங்க?" என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து போனார். மாசி போனது, பங்குனி போனது. டீக்கடைகளில் யாரும் பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே குடித்தார்கள். சலூனில் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்து இரண்டு பேர் காதோரம் வெட்டு வாங்கினார்கள்.

சித்திரையில் ஒரு மாலை, பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கோடைமழை இடியோடு பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. வெளியே போக வழியில்லை, மைக் இல்லை, பாடகி மேடையின் முன்னால் வந்து மழைக்கு மேலே தன் தொண்டையாலேயே பாடினார். இருட்டில் உதடு தெரியாததால் வேறு வழியில்லாமல் ஊர் பாட்டைக் கேட்டது. கேட்கக் கேட்க அதற்குச் சொல் மறந்துபோயிற்று. அந்த இடத்தில் வந்தது மூன்றாவது சொல்: "என்று".

அப்போதுதான் ஊருக்கு விஷயம் பிடிபட்டது. எல்லோரும் தங்களை மறந்து பாட்டில் கிடக்கும்போதுதான் துரைக்கண்ணு பேசுகிறார். துரைக்கண்ணு அன்றைக்குப் பேச ஆரம்பித்தபோதும் கூட்டம் அப்படித்தானே கிடந்தது.

ஆனால் 'என்று' வந்ததும் முன்பைவிடத் தவிப்பு அதிகமாயிற்று. ரயிலடி சவரிமுத்து என்று, அப்புறம்? என்று சத்தியம் செய்கிறேனா? என்று சொல்ல என் நாக்குக் கூசுகிறதா? என்று எவன் சொன்னது? பஸ் நிலையத்தில் இரண்டு கட்சியாக நின்று கத்தினார்கள். புலவர் அறவாழியை வீடு தேடிப் போய்க் கேட்டார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நம் மொழியில் கடைசியில் வரும் வினைதான் எஜமான். அது வரும்வரை ஒருவனைக் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது, நிரபராதி என்றும் சொல்ல முடியாது" என்றார்.

"அப்ப இத்தனை நாளா?" என்று ஒருவர் கேட்டார்.

ஆறாவது வரிசையிலிருந்து எழுந்து போய்ச் சேர்த்துப் படித்தது தான்தான் என்பது புலவருக்கு ஞாபகமிருந்தது.

ரயிலடித் தெருவில் மிக்கேல் அன்றைக்கு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "என்றுன்னு வந்திருக்குல்ல, அப்ப இன்னும் முடியல" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

நான்காவது சொல்லுக்கு ஆடிவரை காத்திருந்தார்கள். கொட்டகையில் நாற்பது வருஷம் மிருதங்கம் வாசித்த உள்ளூர்க்காரர் ஒருவர் செத்துப்போக, அவருக்காக ஒரு மாலை பாட்டு வைத்தார்கள். பாடியவர் அவருடைய பழைய கூட்டாளி, பாதியில் குரல் உடைந்து, உடைந்த குரலோடே பாடினார், எல்லோருக்கும் கண் நிறைந்தது. அப்போது வந்தது: "நினைத்தீர்களே".

கொட்டகையில் ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. அந்த ஏகாரத்தில் இருந்த வருத்தம் எல்லோருக்கும் கேட்டது. ரயிலடி சவரிமுத்து என்று நினைத்தீர்களே. நீங்கள்தான் நினைத்தீர்கள். எண்பத்தாறு வருஷத்துக்கு முன் நினைத்தவர்களைப் பார்த்துச் சொன்னது, இந்த ஏழு மாதம் நினைத்தவர்கள்மேலும் விழுந்தது. மறுநாள் மீன்காரம்மா ஜெசிந்தாவின் வாசலில் கூடையை இறக்கி, இரண்டு கிழங்கான் மீனை முறத்தில் எடுத்து வைத்துவிட்டு, காசு வாங்காமல் போய்விட்டாள்.

வெட்கப்பட்டவர்கள் சத்தம் போடுவதில்லை. அதனால் ஐந்தாவது சொல்லுக்கு அதிக நாள் ஆகவில்லை. அடுத்த கச்சேரியிலேயே, தலை குனிந்து பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே, "அவனல்ல" என்று வந்தது. அவனல்லன் என்று வந்திருக்க வேண்டும் என்று புலவருக்குத் தோன்றியது, அவர் வாயைத் திறக்கவில்லை.

ஒரு தாம்பாளத்தில் ஆப்பிளும் சாத்துக்குடியும் ஒரு சால்வையுமாக, சபாக்காரர்கள் எட்டுப் பேர் ரயிலடித் தெருவுக்கு வந்தார்கள். கோதண்டராமன் சால்வையைப் பிரித்தார். மிக்கேல் கை நீட்டித் தடுத்தார்.

"எனக்கு எதுக்குங்க. என்னை யாரும் ஒண்ணும் சொல்லலியே."

"பெரியவரே, ஊர் சார்பா..."

"அப்ப கல்லறைக்கு வாங்க. 'து' இன்னும் வெளுக்கல. எனக்குக் கை வலிக்குது."

எட்டுப் பேரும் போனார்கள். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய்த் துணியால் ஆளுக்குக் கொஞ்சம் துடைத்தார்கள். சவரிமுத்து என்ற பேர் முழுதாகத் தெரிந்ததும், கோதண்டராமன் கொட்டகைச் சாவியை ஜெசிந்தாவின் கையில் கொடுத்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வாக்கியம் முடியவில்லையே. அவனல்ல என்றால் யார்?

இப்போது ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் மாட்டியிருந்த தாத்தா படங்களைப் பேரன்கள் நின்று பார்த்தார்கள். எங்கள் தாத்தா அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், யாரோடு பழகினார், ஏன் அந்த வருஷம் மாடி கட்டினார், ஏன் அந்த வருஷம் ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வந்தார்? பிடிபட்ட ஏழு பேரில் பிழைத்து வந்த ஐந்து பேரின் குடும்பத்துக்குள்ளேயே, நம்மவர் எப்படிப் பிழைத்து வந்தார் என்று ஒரு கேள்வி நுழைந்துகொண்டது. நிச்சயமான ஒரு கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள், எல்லாம் தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று. அண்ணன் தம்பிகள் இருவர், ஒரே தாத்தாவின் பேரன்கள், அந்தத் தாத்தா உன் ஜாடையா என் ஜாடையா என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். கோதண்டராமனின் தாத்தா அந்தக் காலத்து வக்கீல். கலெக்டருக்கு மாலை போட்ட படம் அவர் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அதை அவர் கழற்றினார், சுவரில் வெள்ளைச் சதுரம் தெரிந்தது, திரும்ப மாட்டினார். ஒரே நாளில் மூன்று முறை கழற்றி மாட்டினார் என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொன்னாள்.

புரட்டாசியில் கொட்டகை வாசலில் ஒரு அறிவிப்பு தொங்கியது. மேற்கூரைப் பராமரிப்புக்காகக் கச்சேரிகள் நிறுத்தப்பட்டுள்ளன. மேற்கூரையில் ஒரு ஓடுகூட உடைந்திருக்கவில்லை, அது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் அந்த அறிவிப்பை நன்றியோடு படித்துவிட்டுப் போனார்கள். கல்யாண வீடுகளில் நாகஸ்வரம்கூட வேண்டாமென்றார்கள். ரேடியோவைச் சின்னதாக வைத்தார்கள். குழந்தையைத் தாலாட்டுகிறவர்கள் வாய்க்குள்ளேயே முனகினார்கள். பாட்டில்லாமல் ஊர் இன்னும் மோசமாகப் பதறியது. ஜனங்கள் காரணமில்லாமல் தெருத்தெருவாக நடந்தார்கள், ஒருவரைக் கண்டால் மற்றவர் வேறு சந்தில் திரும்பினார்.

ஜெசிந்தா அப்பாவிடம் கேட்டாள். "நம்ம மேல இருந்தது போயிடுச்சு. அப்புறம் ஏம்ப்பா உங்களுக்கும் உக்கார முடியல?"

மிக்கேல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இத்தனை வருஷமா நான் ஒருத்தன் எங்கப்பாவைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப ஊர்ல எல்லாரும் அவனவன் தாத்தாவைச் சந்தேகப்படுறான். நல்லாவா இருக்கு?"

அவர் தன் அப்பாவைச் சந்தேகப்பட்டார் என்பதை அவள் அன்றைக்குத்தான் கேட்டாள்.

கச்சேரிதான் இல்லை, பகலில் பார்க்க வருகிறவர்களுக்குக் கொட்டகை திறந்துதான் இருந்தது. ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, மேற்கே ஊத்தங்கரைப் பக்கமிருந்து ஒரு வேன் வந்தது. மகளிர் குழுப் பெண்கள் இருபத்துமூன்று பேர், கோயில் குளமெல்லாம் பார்த்துவிட்டு, வழியில் போர்டைப் பார்த்து இறங்கியவர்கள். ஆலங்கரையில் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. தூணைத் தடவிப் பார்த்தார்கள், கல்லின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். ஜெசிந்தா வழக்கம்போல் மேடை ஓரம் நின்று மெதுவாகப் பேசிக் காட்டினாள். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, "அக்கா, நல்லாக் கேக்குது!" என்று கத்தினாள்.

அவர்களில் மாதம்மாள் என்று ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், கையில் முறுக்குப் பொட்டலம். "நாங்க மேல ஏறி நின்னு பாக்கலாங்களா?" என்றாள்.

ஏறக் கூடாது என்பது விதி. பதினேழு வருஷமாக ஜெசிந்தா அதை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் அந்த இருபத்துமூன்று முகங்களையும் பார்த்தாள். இந்த ஊரில் தாத்தா இல்லாதவர்கள். எந்தச் சொல்லுக்கும் காத்திராதவர்கள். அவனல்ல என்பதோடு நிறுத்திக்கொண்டால் தன் வீட்டுக்கு எந்தக் குறையும் இல்லை, அடுத்த சொல் யார் வீட்டை இடிக்கும் என்று தெரியாது, அதை ஏன் நான் அழைக்க வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. கோதண்டராமன் படத்தைக் கழற்றி மாட்டுவதும், தள்ளிப்போன கல்யாணமும், ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அப்பாவின் கையும் கண்முன் வந்தன.

"ஏறுங்க" என்றாள். "ஏறி ஒரு பாட்டுப் பாடுங்களேன்."

"ஐய, எனக்கென்ன பாட்டு தெரியும்!"

"அடியே, களை எடுக்கையில பாடுவியே, அதப் பாடு" என்று கீழேயிருந்து தள்ளிவிட்டார்கள்.

மாதம்மாள் பொட்டலத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். முதலில் சிரித்துச் சிரித்து இரண்டு தடவை விட்டுவிட்டு, மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். தண்ணி இல்லாத ஆற்றைக் குடத்தோடு தாண்டிப் போகிற ஒரு பெண்ணின் பாட்டு. போகிற வழியில் அவள் யார் யாரையோ விசாரிக்கிறாள், ஒவ்வொருவராக வேறு பக்கம் கை காட்டுகிறார்கள். கொட்டகை அந்தக் குரலை வாங்கி எல்லா மூலைக்கும் கொண்டுபோயிற்று. கீழே நின்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள், ஒருத்தியின் கையில் முறுக்கு பாதியில் நின்றது. ஜெசிந்தாவும் கேட்டாள். கேட்கக் கூடாது, சொல்லைக் கவனிக்க வேண்டும் என்று நினைத்தவள், குடம் ஏந்திய பெண் மூன்றாம் ஊரைத் தாண்டும்போது அதை மறந்துபோனாள்.

"நான்" என்றது ஆண்குரல்.

மாதம்மாள் பாடிக்கொண்டே போனாள். அவளுக்குத் தெரியவில்லை. கேட்டவர்களில் இரண்டு பேர் மேடைக்குப் பின்னால் யாரோ ஆள் இருக்கிறார் என்று எட்டிப் பார்த்தார்கள். ஜெசிந்தா மேடைப் படியில் உட்கார்ந்தாள். காட்டிக்கொடுத்தவன் ரயிலடி சவரிமுத்து என்று நினைத்தீர்களே, அவனல்ல, நான்.

பாட்டு முடிந்து கைதட்டியவர்கள் அவளைப் பார்த்துச் சுற்றி வந்தார்கள். தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள். "என்னங்கக்கா, தலை சுத்துதா?" அவள் குடித்தாள். பிறகு எழுந்து, இத்தனை வருஷமாகச் சொல்லிவந்ததை முதலிலிருந்து சொன்னாள், சொல்லி, கல் நின்ற இடத்தில் நிற்காமல் கடைசிவரை சொன்னாள். கிடங்கில் ஏழு பேரைப் பிடிப்பதற்கு முன் துரைக்கண்ணுவை மூன்று நாள் காவலில் வைத்திருந்தார்கள் என்பதும், வெளியே வந்தவரை வாய் திறக்காத வீரர் என்று ஊர் தோளில் தூக்கி வந்தது என்பதும் சரித்திரத்தில் இருந்தது. அதையும் அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இன்றைக்குச் சொல்லும்போதுதான் அந்த மூன்று நாளில் அவர் பேசிவிட்டார் என்று அவளுக்கே உறைத்தது.

"மூணு நாளு வெச்சு அடிச்சானுங்களா?" என்று மாதம்மாள் கேட்டாள்.

"நகத்தைப் பிடுங்கியிருந்தாங்களாம். மேடையில கையுறை போட்டுக்கிட்டுத்தான் நின்னாராம்."

"ஐயோ சாமி." மாதம்மாள் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். "ஆனா யாருக்கும் தெரியலியே. அவரு சும்மா இருந்திருந்தா ராசாவாவே இருந்திருக்கலாமே."

"வேற ஒருத்தரை அடிக்கப் போயிட்டிருந்தாங்க. எங்க தாத்தாவை."

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். அவர்கள் ஒவ்வொருவராக அவள் கையைத் தொட்டுவிட்டுப் போய் ஏறினார்கள்.

மதியம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். துரைக்கண்ணுவைத் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அந்த ஒரு ஆளால் எங்கப்பா தலை குனிந்தே செத்தார் என்று சொன்னால் அதிலும் நியாயம் இருந்தது.

"எங்கப்பாவுக்காக இந்த ஊர்ல வாயைத் தொறந்தது அந்த ஒருத்தன்தான்" என்றார் மிக்கேல். "அவனையும் பாதியில அடிச்சுப்புட்டானுங்க." பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். மாதக்கணக்காக நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்ததும் கட்டில் சத்தம் போட்டது.

சபாவில் அவள் சொன்னபோது எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க மட்டும்தான கேட்டீங்க?" என்றார் ஒருவர்.

"நானும் இருபத்துமூணு வெளியூர்க்காரங்களும்."

"உங்க தாத்தா பேரை இழுத்துவிட்டவர்மேல உங்களுக்குக் கோபம் இருக்கத்தான் செய்யும்" என்றார் இன்னொருவர். "பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பேரு, ஸ்கூலுக்கு அவர் பேரு. எங்கப்பா பேரே துரைக்கண்ணு. யோசிச்சுப் பேசுங்கம்மா."

"கோபம் இல்லைங்க" என்றாள். அது பொய்யில்லை என்று சொல்லும்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

அங்கே வந்திருந்த புலவர் அறவாழி மட்டும், "வாக்கியம் முடிகிறது" என்றார். "இலக்கணத்தில் இனி ஒரு சொல்லுக்கும் இடமில்லை."

அவர்கள் எந்தத் தீர்மானமும் போடவில்லை. ஆனால் நம்பாமல் இருப்பதற்கு ஒரே வழி அடுத்த சொல்லை அழைப்பதுதான் என்பதால், கார்த்திகையில் கூரைப் பராமரிப்பு முடிந்ததாக அறிவித்துக் கச்சேரி வைத்தார்கள். கொட்டகை நிறைந்தது. பயத்தில் முதலில் யாருக்கும் காது திறக்கவில்லை, போகப் போகத் திறந்தது, நல்ல பாட்டு, எல்லோரும் தங்களை மறந்தார்கள், மறந்து வெகுநேரம் கிடந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை, அதற்கடுத்ததிலும் வரவில்லை. எட்டாவது கச்சேரியில் பாதிப் பேர் அதற்காகக் காத்திருப்பதையே விட்டுவிட்டார்கள். தை மாதத்தில் அந்தக் கல்யாணம் நடந்தது, நாகஸ்வரத்தோடு. தாத்தாக்கள் சுவர்களில் இருந்தார்கள்.

பஸ் நிலையத்தின் பேரை மாற்றவேண்டும் என்று சிலர் மனு எழுதினார்கள், கூடாது என்று சிலர் எழுதினார்கள், இரண்டும் ஒரே அலுவலகத்தில் ஒரே காகிதக் கட்டுக்குள் கிடந்தன. நம்பியவர்கள் நம்பாதவர்களோடு பேசாமலிருந்து, பிறகு பேசினார்கள். ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, கல்லில் இருப்பதை மட்டும் சொல் என்று யாரும் சொல்லவில்லை. கடைசிவரை சொல் என்றும் சொல்லவில்லை. அவள் வந்த வேன்களுக்கெல்லாம் கடைசிவரை சொன்னாள்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமைக் காலை, திண்டுக்கல்லிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தின் பின்னால் காய்கறிப் பையோடு கோதண்டராமன் நிற்பதைப் பார்த்தாள். சந்தைக்குப் போய்விட்டு வருகிறவர், முருங்கைக்காய் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்வையாளர் போல ஒதுங்கி நின்று, ஒரு சொல்லும் விடாமல் கேட்டார். பிள்ளைகள் போட்டோ எடுக்க மேடைப் பக்கம் போனதும் அவளிடம் வந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"அந்தக் கடைசிச் சொல்லு. மத்ததெல்லாம் நான் என் காதால கேட்டேன், மேடைக் குரல், அறுநூறு பேருக்குக் கேக்குற மாதிரி. அது எப்படி வந்துச்சு? அதே குரல்லயா?"

இதுவரை அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தாள்.

"இல்ல சார். சின்னக் குரல். பயந்துக்கிட்டேதான் சொன்னாரு."

"அப்ப அது அவரேதான்" என்று கோதண்டராமன் தலையை ஆட்டினார், திரும்பத் திரும்ப ஆட்டினார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு, வெகுகாலமாக உட்காராத ஒருவரைப் போல மெல்ல உட்கார்ந்தார்.